குளிர் கேட்கும் செடி

"அதுக்குக் குளிர் வேணும், ஆல்தோனா."

"உனக்குக் குளிர் ஆகாது."

"நான் என்னைப் பத்தியா பேசுறேன்? செடியைப் பத்திப் பேசுறேன். பனியில நின்னாத்தான் பிளாக்கரண்ட் தூங்கும். நல்லாத் தூங்கினாத்தான் கொத்துக் கொத்தா கறுப்புப் பழம் காய்க்கும். இப்படிக் கண்ணாடிக்குள்ள வச்சுக் கொஞ்சினா வெறும் இலையாத்தான் நிக்கும்."

"நிக்கட்டும். நீ நின்னா எனக்குப் போதும். ஜூஸ் கடையில விக்குது."

"கடை ஜூஸா? அதுக்குச் சட்டைக்குப் போடுற சாயத்தைக் கரைச்சுக் குடிச்சிடுவேன்."

"குடி, கிழவா. முதல்ல இந்த மருந்தைக் குடி."

நவம்பரில் பேசியது. அன்று யூரெக் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. பேச்சு அங்கேயே நின்றுபோனது. இப்போது ஜனவரி. அன்று மருந்து குடித்த அதே கட்டிலில் அவர் கிடக்க, எதிர்வீட்டு மெலானியா அவர் இமைகளைக் கட்டைவிரலால் மூடி, சற்று நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

ஆல்தோனா அவர் விரல்களுக்கிடையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து அணைத்தாள். மாதா கோவிலில் மந்திரித்து வாங்கி, இந்த நேரத்துக்கென்றே அலமாரியில் வைத்திருந்த மெழுகுவர்த்தி. பாதிகூட எரிந்திருக்கவில்லை.

மெலானியாவுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் தெரியும். கடிகாரத்தை நிறுத்தினாள். முகம் பார்க்கும் கண்ணாடிமேல் துண்டைப் போட்டாள். கடைசியாக, உயிர் வெளியே போக வழிவிட, ஜன்னலருகே போய்க் கொக்கியை நீக்கி, இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள்.

"போயிட்டு வா, யூரெக்," என்றாள். "வழியில யாரையும் கிண்டல் பண்ணாமப் போ." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டாக்டருக்கும் பாதிரியாருக்கும் சொல்லப் போய்விட்டாள்.

ஆல்தோனா மட்டும் ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரை அசையவில்லை.

அந்த ஜன்னல் திறப்பது பால்கனிக்குள். முன்பு பால்கனிக்கு இடுப்பளவு கம்பிதான் இருந்தது. யூரெக்கின் நெஞ்சுச் சளிக்குப் பயந்து, சென்ற ஆண்டுக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் அவள்தான் ஆளை வைத்து முழுக்கக் கண்ணாடி போட்டாள். மூலையில் ஒரு சின்ன ஹீட்டரும் வைத்தாள். காற்றும் வராது, பனியும் வராது. உயிர் போவதென்றால் அந்த ஜன்னல் வழியே போய், இரண்டு செடித் தொட்டிகளுக்கு நடுவில் நிற்க வேண்டியதுதான்.

அவள் பால்கனிக்குப் போய்க் கண்ணாடியின் கைப்பிடியில் கையை வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று தோன்றியது. டாக்டர் வரும்வரை. எவெலினாவுக்குச் சொல்லும்வரை.

அதன்பிறகும் கண்ணாடியைத் திறக்கவில்லை. நினைவில் இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது.

எவெலினா அவர்களுடைய ஒரே மகள். நார்வேயில், பெர்கனில், ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. ஞாயிறுதோறும் அவள் அழைக்கும்போது யூரெக் "ஹலோ, பொண்ணே" என்பதோடு நிறுத்திக்கொண்டு போனை மனைவியிடம் நீட்டிவிடுவார். கூட ஒரு வார்த்தை பேசினால் இருமல் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் எதிரில் உட்கார்ந்து, பழம் பறிப்பதுபோல் காற்றில் விரல்களைக் குவித்துக் காட்டுவார். ஜூலையில் வரச் சொல் என்று அர்த்தம்.

போனை வைத்ததும் கேட்பார், "சொன்னியா?"

"அவளுக்கு அது சீசன் நேரம். லீவு கிடைக்காது. சும்மா அவளைச் சங்கடப்படுத்தாதே."

"நான் கேட்டா, அப்பாவுக்கு என்னமோன்னு பயந்துடுவா. நீ கேட்டா வருவா."

"அடுத்த வாரம் சொல்றேன்."

அடுத்த வாரமும் எவெலினா எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆல்தோனா, நாங்கள் நன்றாக இருக்கிறோம், நீ உன்னைக் கவனி என்றாள்.

எவெலினா வந்து சேர்ந்தபோது அவர் சவப்பெட்டிக்குள் இருந்தார், கல்யாணக் கோட்டில். அவள் அழுது முடித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "வெறும் இருமல்னுதானேம்மா சொன்ன?"

"இருமல்தான். அதுல தொடங்கினதுதான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவ்வளவு தூரத்துல உக்காந்து நீ என்ன பண்ணுவ? பயந்துட்டுத்தான் இருப்ப."

எவெலினா அப்பாவின் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். திட்டியிருந்தால் ஆல்தோனா தாங்கியிருப்பாள்.

அடக்கம் முடிந்து, கோவிலுக்குப் பின்னாலிருந்த கூடத்தில் சாப்பாடு. சேமியா போட்ட கோழி சூப்பின் ஆவியில் எல்லோர் முகத்துக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. மெலானியா ஸ்பூனை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்: "சளிக்கு நல்லதுன்னு யூரெக் ஒருநாள் ஒரு பாட்டில் பிளாக்கரண்ட் ஜூஸ் குடுத்தான். நானும் நம்பிக் காலையும் சாயங்காலமும் ஒரு கிளாஸ். மூணாம் நாள்தான் என் தம்பி மோந்து பாத்துட்டு, 'அக்கா, இது சரக்கு'ன்னான்!"

மேசை முழுக்கச் சிரித்தது. எவெலினாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சளி போச்சா?" என்றாள்.

"சளியும் போச்சு. மானமும் போச்சு."

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மறுநாள் எவெலினாவுக்கு விமானம். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போனாள். ஆல்தோனா அடுக்களையில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"அம்மா, இங்க வா. இது ஏன் ஜனவரியில இலை விட்டிருக்கு?"

முன்பு அவர்களுக்கு இருந்த தோட்டத்து நிலத்தை அரசாங்கம் ரோட்டுக்கு எடுத்துக்கொண்டபோது, யூரெக் அங்கிருந்த பிளாக்கரண்ட் புதரில் குச்சிகள் வெட்டி எடுத்துவந்தார். முட்டைக்கோஸ் புளிக்கவைக்கும் நீல பீப்பாயை இரண்டாக அறுத்து, அடியில் துளையிட்டு, செங்கல்மேல் நிறுத்தி நட்டார். கண்ணாடி வரும்வரை இந்த நாலாம் மாடியில் வருடத்துக்கு இரண்டு வாளி பழம் கிடைத்தது. கடைசி கோடையில் கிடைத்தது ஒரு சாசருக்குத்தான். அதையும் அவர் சாப்பிடவில்லை. சர்க்கரை தூவி ஆல்தோனா பக்கம் நகர்த்தி வைத்தார்.

இப்போது கிளைநுனிகளில் நகக்கண் அளவுக்குப் பச்சை வெளியே வந்திருந்தது.

"குளிர் படல," என்றாள் ஆல்தோனா. "அப்பா சொல்லிட்டேதான் இருந்தாரு. நான்தான் திறக்கல. அவருக்கு ஆகாதுன்னு."

எவெலினா தொட்டிகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, இன்னும் திறந்தே கிடந்த அறை ஜன்னலைப் பார்த்தாள். அசையாத திரையைப் பார்த்தாள்.

"மெலானியாம்மா திறந்தது இந்த ஜன்னலையா?"

"ஆமா."

"கண்ணாடியை?"

ஆல்தோனா தலையசைத்தாள். இல்லை.

கீழே யாரோ காரின் மேலிருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். 

எவெலினா குனிந்து ஹீட்டரின் சுவிட்சை அணைத்தாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடி வரவில்லை, வெளிப்புறம் உறைந்து ஒட்டியிருந்தது. ஆல்தோனா உள்ளே போய், கொதிக்கத் தொடங்கியிருந்த கெட்டிலைத் தூக்கி வந்தாள். கீழ்ச்சட்டத்தின் ஓரமாக மெல்ல ஊற்றினாள். ஆவி எழுந்தது. "இப்போ இழு." எவெலினா சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். ஒரு முனகலோடு கண்ணாடி நகர்ந்தது.

குளிர் முழுசாக உள்ளே வந்தது. அறைக்குள் திரை ஒருமுறை உப்பி, மெல்ல அடங்கியது. ஆல்தோனா வெளியே பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பச்சையெல்லாம் கருகிடுமேம்மா?" என்றாள் எவெலினா.

"விட்டது கருகும்." ஆல்தோனா முழங்காலில் உட்கார்ந்து அடிக்கிளைகளை விரலால் தடவிப் பார்த்தாள். அங்கே மொட்டுகள் இறுக மூடியிருந்தன. ஒன்றை நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்துவிட்டு, விரலை மகளிடம் நீட்டினாள். எவெலினா குனிந்து முகர்ந்தாள். பிளாக்கரண்டின் வாசனை அப்படியே இருந்தது.

"அடியில இருக்கிறது இன்னும் கண் திறக்கல. மார்ச் வரைக்கும் குளிர் கிடைச்சா, கொஞ்சமாவது காய்க்கும்."

"திறந்தே வை அப்ப."

"வைக்கிறேன்."

எவெலினா தன் கழுத்து மப்ளரை அவிழ்த்து அம்மாவின் தோளில் போட்டாள். எழுந்திருக்கக் கைகொடுத்தாள். ஆல்தோனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் எழவில்லை.

"எவெலினா."

"ம்?"

"ஜூலையில வாயேன். பழம் பறிக்க."