வாண்டு வாய் மூடின போட்டோ

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு எங்க அக்கா பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. அன்னைக்கு வந்த கோவம் மூக்கோட நிக்கல, உச்சி மண்டை வரைக்கும் ஏறிருச்சு. பின்ன என்னங்க? பாஸ்போர்ட் ஆபீஸ்ல என் பொண்ணோட போட்டோவை ரெண்டாவது தடவையா திருப்பிக் குடுத்துட்டாங்க. "குழந்தை வாயைத் திறந்திருக்கு சார். வாய் மூடியிருக்கணும், கண்ணு திறந்திருக்கணும், முகம் நேரா இருக்கணும்"னு கவுன்ட்டர்ல இருந்த மேடம் சொன்னாங்க. ஒண்ணேமுக்கால் வயசுக் குழந்தை எங்க மேடம் வாயை மூடும்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. காரியம் ஆகணுமே, பல்லைக் கடிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிதான் கெடு. என் பொண்டாட்டி வெளிநாட்டுத் துறைமுகத்துல கிரேன் ஓட்டறா. போய் ஏழு மாசம் ஆச்சு. குடும்பத்தைக் கூப்பிட்டுக்கலாம்னு கம்பெனி இப்பதான் சொல்லியிருக்கு. இந்தத் தடவை விட்டா இன்னும் ஆறு மாசம். போன வாரம் போன்ல மெதுவா கேட்டா, "ஏன்யா, நேர்ல பாத்தா இவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா?" அறுபது அடி உசரத்துல உக்காந்து கன்டெய்னரைத் தூக்கறவ அவ, எதுக்கும் பயப்படாதவ. அந்தக் கேள்வியக் கேட்டதுலேர்ந்து எனக்கு சோறு இறங்கல.

எங்க வீட்டு வாண்டைப் பத்தி சொல்லணும். ஆடு, மாடு, கோழி, வாத்து, இதுங்கதான் அவளுக்கு உலகம். சட்டையில மாடு இல்லன்னா சட்டை போட மாட்டா. நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பட்டறையில ரிப்பேருக்கு வந்து நிக்கற ஃப்ரிட்ஜ் எல்லாம் அவளுக்கு மாட்டுத் தொழுவம்தான். எது உறுமுதோ அதுக்குக் கீழ ஒரு பிஸ்கெட்டைத் தள்ளி விட்டுட்டு வருவா. ஒரு தடவை ஒரு கம்ப்ரஸருக்குப் பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணியும் வெச்சிருந்தா. படத்துல ஒரு மிருகத்தைப் பாத்துட்டாப் போதும், அதோட சத்தத்தைப் போட்டுட்டுத்தான் மறுவேலை. இதைச் சொல்லிக் கொடுத்தது எங்க அக்கா. ஸ்கூல் வேன் ஓட்டறா, முப்பது குழந்தைங்களை மேய்க்கறவ. வீட்டுல வாண்டைப் பாத்துக்கறதும் அவதான்.

மூணாவது போட்டோவுக்கு அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போன ஸ்டுடியோ மாடியில இருக்கு. போட்டோக்காரர் வாண்டை வெள்ளைத் துணிக்கு முன்னாடி ஸ்டூல்ல உக்கார வெச்சாரு. குழந்தை கேமராவைப் பாக்கணுமேன்னு அக்கா வாத்துப் படத்தைத் தூக்கிக் காட்டினா.

"குவா! குவா!"

வாய் குகை மாதிரி திறந்துக்கிச்சு. படத்தை மாத்தினா "மே!" அதையும் மாத்தினா "ம்ம்மா!" படமே வேணாம்னு ஒளிச்சு வெச்சோம், படம் எங்கன்னு ஓன்னு அழுதா. அதுக்கும் வாயைத் திறந்துதானே ஆகணும்? வாயில பிஸ்கெட்டை வெச்சோம். கன்னம் ரெண்டும் உப்பிப் போய், யார்கிட்டயோ அடி வாங்கின மாதிரி ஒரு மூஞ்சி.

போட்டோக்காரர் நெத்தியைத் துடைச்சுக்கிட்டாரு. "முசுட்டு மாப்பிள்ளைங்களையே சிரிக்க வெச்சவன் சார் நான். ஒரு வாண்டு வாயை மூட வைக்க முடியலையே!"

மணி ரெண்டே முக்கால். எனக்குப் பொறுக்கல. "எல்லாம் உன்னாலதான்! எதைப் பாத்தாலும் கத்துன்னு சொல்லிக் கொடுத்து வெச்சிருக்க!"ன்னு அக்கா மேல பாய்ஞ்சேன்.

"ஆமாடா, உன் பொண்ணு உன்னை மாதிரியே கத்தறா, அதுக்கும் நான்தான் காரணம்!" வாண்டைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு மடமடன்னு கீழ இறங்கிப் போயிட்டா.

அஞ்சு நிமிஷம் ஆச்சு. அழுகைச் சத்தம் இல்ல. கத்தலும் இல்ல. எங்க வீட்டுல அமைதின்னா வாண்டு எதையோ முழுங்கிட்டான்னு அர்த்தம். விழுந்தடிச்சு ஓடினேன். ஸ்டுடியோவுக்குப் பின்னாடி ஒரு சந்து. அங்க பால்காரம்மா ஒரு கறுப்பு ஆட்டைக் கட்டி வெச்சிருந்தாங்க. அதுக்கு முன்னாடி எம்பொண்ணு நிக்கறா. ரெண்டு கையும் தொங்குது. கண்ணு ரெண்டும் அகலத் திறந்திருக்கு. வாய் மட்டும் கப்புன்னு மூடியிருக்கு.

"ஐயோ, என்ன ஆச்சு இவளுக்கு?"

"ஷ்ஷ்! ஒண்ணும் ஆகல. நிஜ ஆட்டைப் பாத்தா எப்பவும் இப்படித்தான். படத்துக்குப் பேச வராதில்ல, பாவம், அதனால இவ பேசுவா. இது தானே பேசுமேன்னு காத்துக்கிட்டிருக்கா"ன்னு அக்கா குசுகுசுன்னு சொன்னா.

"அடிப்பாவி! இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ எங்கடா வாயைத் திறக்க விட்ட?"

நியாயம்தான். ஆனா அதையெல்லாம் ஒத்துக்க அப்ப நேரம் இல்ல. பால்காரம்மா கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். "ஆடு மாடி ஏறாது தம்பி"ன்னாங்க. ஏறாட்டி என்ன, நான் ஏத்தறேன்! ஃப்ரிட்ஜைத் தோள்ல தூக்கிட்டு நாலு மாடி ஏறினவன் நான். ஆனா ஃப்ரிட்ஜ் உதைக்காது. ரெண்டு உதை நெஞ்சுல, ஒண்ணு தாடையில. "மெதுவா, மெதுவா! அது புள்ளத்தாச்சி!"ன்னு பின்னாடியே கத்திக்கிட்டு வந்தாங்க. அதைக் கேட்டதும் என் கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. மிச்சப் படியெல்லாம் அதோட தலையைத் தடவிக்கிட்டே ஏறினேன்.

கேமராவுக்குப் பக்கத்துல ஆட்டை நிறுத்தினோம். அது போன உடனே ஜாடியில இருந்த பிளாஸ்டிக் பூவை மெல்ல ஆரம்பிச்சிருச்சு. ஸ்டூல்ல உக்காந்திருந்த வாண்டு நிமிந்தா. முகம் நேர். கண்ணு முழுசு. வாய் மூடி.

பளிச். பளிச். பளிச்.

அப்புறம்தான் ஆடு "மே..."ன்னுச்சு. வாண்டு ஸ்டூல்லேர்ந்து விழற அளவுக்குச் சிரிச்சா. நாங்களும் சிரிச்சோம். பால்காரம்மாவுக்கு சிரிச்சு சிரிச்சு விக்கலே வந்துருச்சு.

அக்கா வேன் ஓட்டின ஓட்டத்துல மூணு ஐம்பதுக்கு ஆபீஸ் போய்ச் சேந்தோம். மேடம் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு போட்டோவைப் பாத்தாங்க. திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. என் உயிர் என்கிட்ட இல்ல.

"இவ்வளவு சமத்தா எப்படி சார் உக்காந்தா?"

"ஆடு வந்துச்சு மேடம்."

அவங்க என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. சட்டையெல்லாம் குளம்பு அடையாளம். வேற ஒண்ணும் கேக்காம முத்திரையைக் குத்திட்டாங்க.

ஒன்றரை மாசம் கழிச்சு அந்த நாட்டு ஏர்போர்ட்ல நானும் வாண்டும் இறங்கினோம். கண்ணாடிக் கதவைத் தாண்டினதும் பாத்துட்டேன். ஷிப்ட் முடிஞ்சு அப்படியே வந்திருப்பா போல, கால்ல வேலை பூட்ஸ், கையில கழட்டின ஹெல்மெட். கூட்டத்தை இடிச்சுக்கிட்டு ஓடி வந்தா. எங்க முன்னாடி வந்து மண்டி போட்டு ரெண்டு கையையும் நீட்டினா.

போன்ல அவ முகம் வந்தாலே "அம்மா, அம்மா"ன்னு கூரையே பிச்சுக்கிட்டுப் போற மாதிரி கத்துவா வாண்டு. இப்ப அசையல. கை ரெண்டும் தொங்குது. கண்ணு மட்டும் விரிஞ்சிருக்கு. வாயிலேர்ந்து ஒரு சத்தம் இல்ல.

என் பொண்டாட்டியோட கை மெதுவா இறங்குச்சு. "இவ மறந்துட்டாய்யா. எனக்குத் தெரியும், என்னை மறந்துட்டா." முகம் அப்படியே நொறுங்கிப் போச்சு.

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ரெண்டையும் அடக்கத் தெரியல. பெட்டியைப் போட்டுட்டு நானும் அவ பக்கத்துல தரையில உக்காந்தேன்.

"அடி பைத்தியம், மறக்கலடி. படத்துக்கிட்டதான் இவ பேசுவா. எதிர்ல இருக்கறது நிஜம்னு தெரிஞ்சா வாயே திறக்க மாட்டா, அது பேசட்டும்னு காத்திருப்பா. நீ பேசு."

அவ ரெண்டு தடவை வாயைத் திறந்தா, வெறும் காத்துதான் வந்துச்சு. மூணாவது தடவை, "வாண்டு..."ன்னா.

அவ்வளவுதான். எம்பொண்ணு அவ மேல அப்படியே பாய்ஞ்சா பாருங்க, ஆத்தாளும் மகளும் தரையோட சாய்ஞ்சாங்க, ஹெல்மெட் ஒரு பக்கம் உருண்டு ஓடுச்சு. பின்னாடி வந்தவங்க எல்லாம் சுத்திக்கிட்டுப் போனாங்க. நான் போய் ஹெல்மெட்டை எடுத்துட்டு வந்தேன்.