நாத்தனாருக்கு ஒரு நிபந்தனை

நீதிமன்றத்துச் சாட்சிகள் உதவி மையத்துப் பெண் கேள்வி கேட்டது அவளிடம்தான். பதில் சொன்னது அவள் கணவன்.

"ராத்திரில தூக்கம் வருதாம்மா?"

"எங்க மேடம் வருது? திடுக்குன்னு எழுந்து உக்காந்துக்கறா."

பேக்கரியை மூடிவிட்டுக் கிளம்பிய ஒரு சாயங்காலம், எவனோ அவளைக் கீழே தள்ளிக் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். உடைந்த மணிக்கட்டு கூடிவிட்டது. குரல்தான் இன்னும் கூடவில்லை. அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். உடனே கணவன் முந்திக்கொள்வான். பாசம்தான். ஆனால் நாளைக்கு நீதிமன்றத்தில் அவள் வாயாலேயே சொல்லியாக வேண்டுமே!

மையத்துப் பெண் இருவரையும் ஆளில்லாத நீதிமன்ற அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினாள்.

"உக்காந்தே பேசலாம். இங்க திரை போட அனுமதி வாங்கியாச்சு, அந்த ஆள் முகத்தை நீங்க பாக்கவே வேண்டாம். புரியலைன்னா திரும்பக் கேக்கச் சொல்லுங்க. முடியலைன்னா கொஞ்ச நேரம் வேணும்னு கேளுங்க. இதெல்லாம் சலுகை இல்லம்மா, உங்க உரிமை. பக்கத்துல உங்களுக்கு வேண்டிய ஒருத்தர் உக்காரலாம்."

"அது நான்தான்" என்றான் கணவன்.

"நீங்க முடியாது சார். அவன் ஓடினதைப் பார்த்த சாட்சி நீங்க. உங்க முறை வர்ற வரைக்கும் வெளியிலதான் இருக்கணும்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப யாரு இருக்கா?"

"அண்ணியைக் கூப்பிடலாம்" என்றாள் அவள்.

"எங்க அக்காவையா? உங்க ரெண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தமாச்சே!"

"நான் அழுதா நீங்களும் அழுவீங்க. அவங்க அழமாட்டாங்க, திட்டுவாங்க."

மையத்துப் பெண் சிரித்துவிட்டாள். "ஒரே நிபந்தனை. கூட உக்கார்றவங்க வாயைத் திறக்கக்கூடாது. தலையைக்கூட ஆட்டக்கூடாது."

"கிழிஞ்சது போங்க" என்றான் கணவன்.

மறுநாள் நாத்தனார் தண்ணீர் பாட்டிலும் கைக்குட்டையுமாக வந்து சேர்ந்தாள். தான் வாயே திறக்கப்போவதில்லை என்பதை வாசலிலிருந்து அறைக்கதவு வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

திரைக்கு இப்பால் சாட்சி சொல்ல அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் நாத்தனார்.

"அன்னைக்கு என்ன நடந்ததுன்னு சொல்லுங்கம்மா" என்றார் அரசு வக்கீல்.

தொண்டை அடைத்தது. பழக்கதோஷம், பக்கத்தில் திரும்பினாள். யாராவது முந்திக்கொள்வார்கள் என்று மனசு காத்திருந்தது.

நாத்தனார் முந்தவில்லை. உதடுகளை உள்ளே மடக்கி, கன்னங்கள் உப்பி, விழி பிதுங்க எதிர்ச்சுவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஒற்றைச் சொல்லை விழுங்க அந்த வாய் இத்தனை பாடுபட்டு அவள் பார்த்ததேயில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை இருமலாக்கி அடக்கினாள். அடைப்பு சற்றே இளகியது.

"கொஞ்சம் தண்ணி வேணும்" என்றாள். தன் குரலைக் கேட்டு அவளுக்கே வியப்பு.

குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்கள்.

"ஷட்டரை இறக்கிட்டுத் திரும்பினேன்..." என்று ஆரம்பித்தாள். நடுவில் குரல் உடைந்தது. நிறுத்தினாள், மறுபடி தொடர்ந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றி வளைத்து ஒன்று கேட்டபோது, "புரியலைங்க, திரும்பக் கேளுங்க" என்றாள்.

வெளியே வந்ததும் கணவன் ஓடிவந்தான். "என்னக்கா கேட்டாங்க? இவ என்ன சொன்னா?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "அவளையே கேளுடா!"

"இப்ப சொல்லக்கூடாதுங்க. நீங்க சாட்சி சொல்லிட்டு வாங்க, வீட்ல போய்ச் சொல்றேன்."

உள்ளிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். மடங்கியிருந்த அவன் சட்டைக் காலரை அவள் நீவிவிட்டாள்.

"பயமா இருந்தா தண்ணி கேளுங்க. தருவாங்க."