மரகதத்துக்கு மூன்று காரணங்கள்

ராமலட்சுமிக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும். அப்படியும் சரியாகத்தான் எழுதியிருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து படிப்பாள். பகலில் ரிசார்ட்டில் வேலை, மாலையில் தேவிகுளத்தில் மனநல ஆலோசனை வகுப்பு. வகுப்பெடுக்கும் ஜிபி சார் தாமே ஒரு கதை எழுதிக் கொடுத்திருந்தார். அதில் வரும் மரகதம் கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறாள். ஏன் என்பதை உளவியலின் மூன்று கோணங்களில் விளக்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டில் உட்கார்ந்து, எழுதியதைப் படித்தாள். "முதல் கோணம். தாயின் கடுஞ்சொற்கள் சிறுவயது முதலே மரகதத்தின் மனதில் தங்கிவிட்டன. இறந்த அன்று காலையிலும் தாய் அவளை ஏசினாள்..."

இரண்டாம் முறை படிக்கும்போதுதான், சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயனில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீடு அழகுத்தாயுடையது. போன மழைக்காலத்தில் அவள் மகன் ராஜசேகரும் அப்படித்தான் தன்னை மாய்த்துக்கொண்டான்.

ராமலட்சுமி தாளை மூடப்போனாள். அதற்குள் அழகுத்தாய் ஈரக்கையோடு வாசலில் நின்றாள்.

"யாருடி அந்த மரகதம்? எந்த எஸ்டேட்டு?"

"கதை பெரியம்மா. சார் சும்மா எழுதுனது. அப்படி ஒருத்தியே கிடையாது."

"ஆத்தா வஞ்சதாலதான் செத்தாளா?"

"இல்ல, அது ஒரு கோணம். இன்னும் ரெண்டு இருக்கு." அவசரமாகத் தாளைத் திருப்பினாள். "இனிமே எதுவும் மாறாதுன்னு அவ தப்பா நம்பிட்டா. அப்புறம், யாரோடயும் ஒட்டாம தனியாயிட்டா..."

"எம்மவன் கிரிக்கெட்டு டீம்ல இருந்தானே. தனியாவா இருந்தான்?" அழகுத்தாய் நிலைப்படியில் உட்கார்ந்தாள். "அன்னைக்குக் காலையில வஞ்சேன் புள்ள. விடிஞ்சும் தூங்குறானேன்னு. எந்த வீட்லதான் வையல? உங்கம்மா உன்னைய வையாத வசவா?"

"அதான் பெரியம்மா! எங்கம்மா வஞ்சு நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒரே காரணத்துல யாரும் சாகுறதில்லன்னு வகுப்புல சொல்லியிருக்காங்க. பல காரணம் சேந்துதான்."

வகுப்பில் கேட்டபோது அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

அழகுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பலதுல நானும் ஒண்ணுதான?"

இல்லை என்று சொல்ல ராமலட்சுமி வாயெடுத்தாள். ஆனால் தனக்கு அது தெரியாதே. தெரியாது என்றால் ஆமாம் என்றே அவள் காதில் விழும். பேசாமல் இருந்ததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டாளோ என்று பயம் வந்தது.

அழகுத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீ படி தாயி. மார்க்கு கொறஞ்சிரப் போகுது."

ராமலட்சுமி தாளைப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"எதுக்கு வந்த?"

"உங்ககூட இருக்கேன் பெரியம்மா."

"இருந்து என்ன செய்யப்போற?"

ராமலட்சுமி பாதி கழுவிக் கிடந்த பாத்திரங்களுக்குப் பக்கத்தில் போனாள். தரையில் உட்கார்ந்தாள்.