தாய்வழிச் சான்றிதழ்

நாட்டு மாட்டினப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர், தன் தொழுவத்து நாற்பது மாடுகளும் சொக்கத் தங்கம் என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். கூடத்துச் சுவரில் ஏழு தலைமுறைக் காளைகளின் படங்கள் தொங்கின. இடம் போதாததால் அவருடைய அப்பாவின் படம் அடுக்களைக்குப் போய்விட்டது.

நான்கு வீடு தள்ளி அவருடைய தங்கையும் மாடு வளர்த்தாள். ஒன்பது உருப்படி. ஒன்றின் கொம்பு இன்னொன்றைப்போல் இருக்காது. சந்தையில் விலைபோகாததை எல்லாம் ஓட்டிவந்துவிடுவாள். அது தொழுவமில்லை, சத்திரம் என்று தலைவர் கூட்டத்திலேயே சொன்னார். செயற்குழு கடமை தவறாமல் சிரித்தது.

அந்த வருடம் தலைவர் வீட்டில் பிறந்த ஏழு கன்றுகளில் ஐந்து தங்கவில்லை. தீவனம், வெயில், மாட்டு டாக்டர் என்று எல்லோர்மேலும் பழி போட்டார். போன மானத்தை மீட்க தன் மாடுகள் தூய நாட்டினம் என்று ஆய்வகச் சான்றிதழ் ஒன்று வாங்கிவிடுவதென்று முடிவு செய்தார்.

ஆய்வாளர் வந்தாள். பசுக்களின் வால்முடியைப் பிடுங்கி உறைகளில் போட்டுக்கொண்டாள். இந்தச் சோதனை தாய்வழியைத்தான் காட்டும், காளைக்கு இதில் வேலையே இல்லை என்றாள். தலைவருக்கு அது ரசிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மட்டமான மாடு வேண்டுமானால் பக்கத்திலேயே இருக்கிறது என்று பெருந்தன்மையோடு தங்கை வீட்டைக் காட்டினார்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. நாற்பதும் ஒரே தாயின் வழி. தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஐயா, இது பாராட்டு இல்ல. உங்க காளையும் இதே தொழுவத்துல பொறந்ததுதானே? எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அதான் கன்னு நிக்கல. ஒரு நோய் வந்தா மொத்தமும் போயிடும்" என்றாள் ஆய்வாளர்.

தங்கையின் ஒன்பதில் ஆறு தாய்வழிகள் இருந்தன. அதில் இரண்டை ஆய்வகம் இதுவரை எங்கும் பார்த்ததில்லை. காக்கவேண்டிய அரிய நாட்டு மாடுகள் என்று சான்றிதழ் தங்கைக்குப் போயிற்று.

தலைவர் நான்கு நாள் வெளியே தலை காட்டவில்லை. ஐந்தாம் நாள் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து மழை, முட்டுவலி, அவள் மகளின் படிப்பு என்று ஊரைச் சுற்றிவிட்டு, ஒரு காளைக்கன்று கிடைக்குமா என்று கேட்டார்.

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"முன்னாடியே மூணு பேர் சொல்லி வச்சிருக்காங்கண்ணா. அடுத்த ஈத்துல பாக்கலாம். குழாயைக் கொஞ்சம் மூடிட்டு வாங்க."

தலைவர் எழுந்து போய் மூடினார்.