செங்கமலத்தின் ஊரில்

வேப்பமரங்கள் பூத்துக் கொட்டும் பங்குனியில் புவனேஸ்வரி நான்கு நாள் லீவு போட்டாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் அவளுக்கு வேலை. காய்ச்சல், தலைவலி தவிர வேறு எதற்கும் அவள் லீவு கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"ஊட்டிக்குங்களா மேடம்?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"பெரம்பலூர். அப்படியே அரியலூர்."

"அங்க யாருங்க இருக்காங்க?"

"யாருமில்ல. சும்மா சுத்திப் பாக்கப் போறேன்."

அந்தப் பெண் சிரித்தாள். புவனேஸ்வரியும் சிரித்து வைத்தாள். யாருமில்லை என்று சொன்னது பொய் இல்லை. ஒருத்தி இருந்தாள்; ஐப்பசியில் செத்துப்போனாள்.

செங்கமலம் அரியலூர்க்காரி. கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தாள். வேலைக்குப் போகிற பெண்களுக்கான விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு அங்கே வந்து சேர்ந்து, தலை நரைக்கும்வரை அந்த அறையிலேயே இருந்துவிட்டார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டதும் இல்லை. போன தீபாவளிக்கு ஊருக்குப் போன செங்கமலம் திரும்பவில்லை. போன் அணைந்தே கிடந்தது. ஒரு வாரம் கழித்து அவள் தம்பி வீரமணி விடுதிக்குப் பேசினான்.

"அக்கா தவறிப் போச்சுங்க. நெஞ்சு வலி. காரியமெல்லாம் முடிஞ்சிருச்சு. அதோட சாமானைக் கட்டி பார்சல்ல போட்டு விட்டீங்கன்னா போதும்."

புவனேஸ்வரிதான் கட்டினாள். புடவைகளை மடித்து, தைலப் புட்டியைத் துணியில் சுற்றி, பார்சல் ஆபீஸில் கொண்டுபோய்ப் போட்டாள். மறுநாள் வேலைக்குப் போனாள். அம்மா செத்தால் லீவு உண்டு, அப்பா செத்தால் லீவு உண்டு. கூட அறையில் இருந்தவள் செத்தால் என்னவென்று எழுதிக் கேட்பது? துக்கம் விசாரிக்கவும் யாரும் வரவில்லை.

பெரம்பலூரில் லாட்ஜ்காரர் அவளையும் ஆதார் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தனியாவா வந்திருக்கீங்க? என்ன விஷயமா?"

"ஊரைப் பாக்கத்தான்."

"இங்க பாக்குறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றவர், தம் மேசைக்கு நேரே தெரிகிற அறையாகப் பார்த்துச் சாவியைக் கொடுத்தார். விடுதி வார்டனுக்குப் பழகியவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

அன்று சாயங்காலம் பூங்காவில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் சுடிதாருக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஊஞ்சலுக்குச் சண்டை நடந்தது. புங்கமரம் புதுத் தளிரில் எண்ணெய் தடவினாற்போல் மின்னியது. சுண்டல் வாங்கினாள். பொட்டலத்தைப் பிரித்ததும் கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது. பெஞ்சில் பக்கத்தில் யாருமில்லை. கையை இழுத்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

மறுநாள் தெருத்தெருவாக நடந்தாள். கோயில் வீதி, பூக்கடை, பழைய பஸ் நிலையம், பித்தளைப் பாத்திரக்கடை. அவசரமில்லாமல் நடந்து எத்தனை காலமாயிற்று! வெயில் ஏறியதும் ஒரு தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் வேப்பநிழல் தெரிந்தது. கேட் திறந்திருந்தது. உள்ளே போனாள்.

கல்லறைகளில் பெயரும் ஊரும் பிறந்த தேதியும் இருந்தன. அன்பு மனைவி, ஆசைத் தந்தை, மறவா மகன் என்று ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு என்ன உறவு என்பது கல்லில் வெட்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். அறைத்தோழி என்று எங்கும் இல்லை.

புருஷன் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்தாள். "யாரப் பாக்க வந்தீங்க?"

"யாரையும் இல்லீங்க. நிழலுக்கு ஒதுங்கினேன்."

"உக்காருங்க, உக்காருங்க. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அந்தப் பெண்மணி கழுவி முடித்து, குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். புவனேஸ்வரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வேப்பம்பூ மடியில் உதிர்ந்தது. செங்கமலத்துக்கும் இப்படி ஓர் இடம் இருக்கும் அல்லவா? கல் இல்லாவிட்டாலும் ஒரு மண்மேடாவது இருக்கும். போய்ப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. உண்மையில் அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்பதை அப்போதுதான் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அரியலூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். சாலையோரத்து மரங்கள் மாவு பூசியதுபோல் வெளுத்து நின்றன. பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"இந்த ஊர்ல சுடுகாடு எந்தப் பக்கங்க?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "எந்தச் சுடுகாடுங்க? நாலஞ்சு இருக்கே. செத்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"ஃப்ரெண்டு."

"சரி, அவங்க என்ன ஆளுங்க?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"தெரியாதுங்க."

"தெரியாதா? அது தெரியாம எப்படிம்மா தேடுவீங்க? ஆளாளுக்கு எடம் தனித்தனியால்ல இருக்கு." பெஞ்சில் இருந்த இருவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "எத்தன நாள் பழக்கம்?"

அவள் டீயை வைத்துவிட்டு எழுந்தாள். செங்கமலம் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்று அவளுக்குத் தெரியும். ரசத்தில் எவ்வளவு மிளகு கேட்பாள், எந்த மாத்திரைக்கு வாந்தி எடுப்பாள், எந்தச் செருப்பு கடிக்கும் என்று தெரியும். என்ன ஆள் என்று தெரியாது. செங்கமலமும் அவளைக் கேட்டதில்லை. அதைத் தங்கள் இருவருடைய நல்ல குணம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இந்த ஊரில் அது, செங்கமலத்தை யாரென்றே தெரியாது என்று ஆகிவிட்டது.

கடைவீதியில் கால் போன போக்கில் நடந்தாள். ஏரிக்கரையில் ஒரு சின்னப் பூங்கா இருந்தது. அங்கே உட்கார்ந்து, வேறு வழியில்லாமல், அன்று பார்சலில் எழுதிய வீரமணியின் எண்ணுக்கு அடித்தாள். எடுத்தது அவன் மனைவி அம்சவள்ளி.

"நான் புவனேஸ்வரிங்க. கோயம்புத்தூர். செங்கமலத்தோட ரூம்ல…"

"எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள் அம்சவள்ளி. சொன்னதும், "அங்கயே இருங்க, வந்துடறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஸ்கூட்டியில் வந்தாள். நாற்பது வயதிருக்கும். வீட்டுப் புடவையோடு, மாவு காயாத கையோடு வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "புவனாக்காதான?" என்றாள்.

"ஆமாங்க. அவளப் பொதைச்ச எடத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

அம்சவள்ளி முகம் வாடியது. "பொதைக்கலீங்கக்கா. எரிச்சுட்டோம். சாம்பலக் கொள்ளிடத்துல விட்டாச்சு. அங்க போனாலும் ஒண்ணும் இருக்காது."

ஏரியில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. கரையில் இரண்டு நாரைகள் நின்றன. புவனேஸ்வரி அவற்றையே பார்த்தாள்.

"உங்களுக்கு அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றாள் அம்சவள்ளி. "எனக்குத் தோணுச்சு. அவுருகிட்ட சொன்னேன். 'கூடத் தங்கினவங்களுக்கெல்லாம் எதுக்கு'ன்னுட்டாரு. நானும் விட்டுட்டேன்."

"பரவால்லீங்க. கடைசியா கஷ்டப்பட்டாளா?"

"இல்லக்கா. முறுக்கு சுட்டுக்கிட்டே இருந்துச்சு. அசதியா இருக்குன்னு போய்ப் படுத்துச்சு. எழுப்பப் போனா எழுந்திரிக்கல." மூக்கை உறிஞ்சினாள். "வந்தா நாலு நாளுக்கு மேல இருக்காது பாத்துக்கங்க. 'எங்க வூட்டுக்குப் போவணும், எங்க வூட்டுக்குப் போவணும்'னு ஆரம்பிச்சுரும். அவுருக்குக் கோவமா வரும். 'இது உன் வூடு இல்லாம எது உன் வூடு, அந்த ஹாஸ்டல் ரூமா'ன்னு கத்துவாரு. 'ஆமாண்டா, அதான்'னு சொல்லும்."

புவனேஸ்வரி எதையோ சொல்ல வந்து, "ஃபேன் சத்தம் போடும் அந்த ரூம்ல" என்றாள்.

"அதையும் சொல்லியிருக்கு." அம்சவள்ளி சிரித்தாள், பிறகு கைப்பேசியைப் பார்த்து எழுந்தாள். "வூட்டுக்குக் கூப்புடணும்க்கா. அவுரு இருக்காரு, ஆயிரம் கேள்வி கேப்பாரு. தப்பா நெனச்சுக்காதீங்க."

"இல்லீங்க. நீங்க வந்ததே போதும்."

ஸ்கூட்டி திரும்பும் முன் அம்சவள்ளி அவள் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்தினாள். அந்த மாவு புவனேஸ்வரியின் உள்ளங்கையில் ஒட்டியது. அது காய்ந்து உதிரும்வரை அங்கேயே இருந்தாள். பிறகு பெரம்பலூருக்குத் திரும்பினாள்.

லீவில் இன்னும் ஒரு நாள் இருந்தது. காலையில் அறையைக் காலி செய்துகொண்டு பஸ் நிலையம் போனாள். திருச்சி பஸ் புறப்படத் தயாராக நின்றது. அதில் ஏறாமல், வாலிகண்டபுரம் வழியாகப் போகிற ஒரு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வாலிகண்டபுரத்துச் சிவன் கோயிலில் அந்த நேரத்துக்குக் கூட்டமில்லை. பெரிய கல் மண்டபம், தூண்களுக்கு நடுவே காற்று குளிர்ச்சியாக வந்தது. ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். பை நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழுதாள். இத்தனை மாதமும் விடுதியிலும் நூலகத்திலும் பஸ்ஸிலும், யாராவது என்ன உறவு என்று கேட்டுவிடுவார்களோ என்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. பிராகாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் ஒரு தரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கம் கூட்டப் போனாள்.

அழுகை ஓய்ந்ததும் குழாயில் முகம் கழுவினாள். பசித்தது. வெளியே ஒரு பெட்டிக்கடையில் ஆறிப்போன இரண்டு வடை வாங்கி நின்றபடியே தின்றாள்.

"எந்த ஊரும்மா போவணும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கோயம்புத்தூர்."

"அங்கதான் வூடா?"

"ஆமாங்க" என்றாள் புவனேஸ்வரி. தூரத்தில் பெரம்பலூர் பஸ் வருவது தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.