ஐந்தாவது வரி வரைக்கும் சரி

மருந்துக் கடையில் அவளுக்குத் தராசு என்று பெயர். நேரில் எல்லோருக்கும் அவள் 'அக்கா'தான். முதுகு திரும்பினால் தராசு. பத்தொன்பது வருடங்களாக அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று மருந்து கொடுக்கிறாள். ஒரு மாத்திரைகூட மாறிப் போனதில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமையை யாரும் குறை சொல்லவில்லை. அதை அவளே வாரத்துக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டியதுதான் கூட வேலை செய்தவர்களுக்கு எரிச்சல்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவளோடு வேலை செய்த சுருட்டை முடிக்காரி ஒரு தவறு செய்தாள். தராசைவிட நாலைந்து வயது சின்னவள், கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. ஒரு பெரியவருக்கு அரை அளவு மாத்திரைக்குப் பதில் முழு அளவைக் கொடுத்துவிட்டாள். அவர் வாசலிலேயே பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தராசு விடவில்லை. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போதே, "கண்ணைக் கழட்டி வீட்டுல வெச்சிட்டு வந்தியா? இது மருந்துக் கடை, மிட்டாய்க் கடை இல்லை!" என்று கத்தினாள். மறுநாள் முதலாளியிடம், "ஒண்ணு அவ இருக்கணும், இல்லை நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். சுருட்டை அந்த வாரமே நின்றுவிட்டாள். தராசுக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

அவள் முறை ஒரு புதன்கிழமை காலையில் வந்தது.

அன்று கூட்டம் நெரிந்தது. குளிர்ப்பெட்டி பழுதாகி, அதைச் சரிசெய்ய வந்தவர் தரையெல்லாம் திருகாணிகளைப் பரப்பி வைத்திருந்தார். தொலைபேசி ஓயவில்லை. கணக்கு டீச்சர் வந்தார். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவர், ஐம்பதைத் தாண்டியவர், மாதா மாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்குபவர். தராசு திரும்பிப் பார்க்காமலேயே இழுப்பறைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து, உறையில் போட்டு, 'காலை ஒன்று' என்று எழுதிக் கொடுத்தாள். பத்தொன்பது வருடப் பழக்கம். கைக்கே கண் இருந்தது என்று அவள் நம்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது, விலாவில் விரிசல். மருத்துவமனையில் பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை தரைமட்டத்தில் இருந்தது. சர்க்கரை வியாதியே இல்லாத உடம்புக்குள் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை போயிருந்தது.

டீச்சர் வீட்டில் அவரோடு அவருடைய தம்பி மட்டும்தான் இருந்தார். அன்று மதியமே அவர் அட்டையும் கையுமாகக் கடைக்கு வந்தார். "இந்த உறைக்குள்ளதான் இருந்துச்சு. இது எப்படிங்க வந்துச்சு?"

தராசு வாயைத் திறக்குமுன் முதலாளி முன்னால் வந்தார். "சார், உங்களுக்கு சுகர் இருக்கில்ல? நீங்களும் இதே மாத்திரைதானே போடுறீங்க?"

"ஆமா…"

"அப்புறம் என்ன? வீட்டுல ரெண்டு பேரு மாத்திரையும் ஒரே இடத்துல கிடந்திருக்கும். டீச்சர் மாத்தி எடுத்து உறையில போட்டிருப்பாங்க. வயசாகுது இல்ல?"

தம்பி தராசைப் பார்த்தார். அவள் கவுண்டர்மேல் இருந்த பேனாவைப் பார்த்தாள். "இருக்கலாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான்.

அவர் போனபிறகு அவள் இழுப்பறைகளைத் திறந்து எண்ணினாள். அழுத்த மாத்திரையில் ஓர் அட்டை கூடுதலாக இருந்தது. சர்க்கரை மாத்திரையில் ஓர் அட்டை குறைந்தது. மறுபடி எண்ணினாள். மூன்றாம் தடவையும் அதே கணக்குதான் வந்தது.

முதலாளியிடம் சொன்னாள். "எண்ணினது போதும், மூடி வை" என்றார் அவர். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். மின்தூக்கி பழுது பார்க்கிறவர். எதையும் பதறாமல் கேட்பவர்.

"அந்தம்மா பிழைச்சிட்டாங்கல்ல?"

"பிழைச்சிட்டாங்க."

"அப்போ வாயை மூடிக்கிட்டு இரு. லைசென்ஸ் போச்சுன்னா இந்த வயசுல வேற என்ன வேலைக்குப் போவ?"

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் சோறு உள்ளே இறங்கவில்லை.

சனிக்கிழமை மதியம் தம்பி மறுபடி கடைக்கு வந்தார், வலி மாத்திரை வாங்க. தராசு, "டீச்சர் எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"கை பரவாயில்லைங்க. மனசுதான் சரியில்லை. நேத்துலேர்ந்து ஒரே அழுகை. 'எனக்கு ஞாபகம் போக ஆரம்பிச்சிடுச்சாடா, மாத்திரையை மாத்திப் போட்டதுகூடத் தெரியலையே, இனிமே பிள்ளைங்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவேன்'னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. வேலையை விட்டுடலாமான்னு யோசிக்கிறாங்க."

தராசு வலி மாத்திரையை உறையில் போட்டாள். வெளியே எடுத்தாள். பெயரைப் படித்தாள். மறுபடி போட்டாள். பிறகு, "அவங்க மாத்தலைங்க. நான்தான் மாத்திக் குடுத்தேன்" என்றாள்.

உள்ளே முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. "நேத்தே எனக்குத் தெரியும். எண்ணிப் பார்த்தேன். சொல்லலை. இப்போ போய் முதல்ல அவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. அவங்க புத்தியில ஒரு குறையும் இல்லை."

விசாரணை நடந்தது. நான்கு மாதங்களுக்கு அவள் மருந்து கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. முதலாளி பேசுவதை நிறுத்திக்கொண்டார். கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டார்.

வீட்டில் இருந்தது கடையில் இருந்ததைவிடக் கொடுமையாக இருந்தது. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தாள். உப்பு ஜாடியைத் திறந்து, உப்புத்தானா என்று நாக்கில் வைத்துப் பார்த்தாள். இத்தனை வருடமும் தவறே செய்யாதவளாக வாழ்ந்துவிட்டதால், தவறு செய்தவளாக ஒரு நாளைக் கழிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் டீச்சர் வீட்டுக்குப் போனாள். கதவைத் தம்பி திறந்தார். டீச்சர் கட்டுப் போட்ட கையோடு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் விடைத்தாள் கட்டு ஒன்று அவிழ்க்காமல் கிடந்தது.

"மன்னிச்சிடுங்கன்னு கேக்க வந்தீங்களா?" என்றார் டீச்சர்.

"ஆமாங்க."

"மாத்திரை மாறினதை மன்னிச்சிட்டேன். அது எப்பவோ முடிஞ்சது. ஆனா ஒரு நாள் முழுக்க, எனக்குப் புத்தி கலங்கிப் போச்சுன்னு நான் நம்பினேன். படுத்துக்கிட்டு வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன், பதினேழாம் வாய்ப்பாடு, சரியா வருதான்னு. அந்த ஒரு நாள் உங்களுக்குத் தெரிஞ்சே நடந்துச்சு. அதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. அதனால இப்போ மன்னிக்க முடியாது."

தராசு தலையை ஆட்டினாள். திரும்பிப் போவதா, இருப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"கையெழுத்து நல்லா இருக்குமா?" என்று கேட்டார் டீச்சர்.

"இருக்குங்க."

"அப்போ உக்காருங்க. எனக்கு எழுத முடியலை. தம்பி எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கு. நான் பார்த்துச் சொல்றேன், நீங்க மார்க் போடுங்க."

அன்று நான்கு தாள் முடித்தார்கள். மறுநாளும் அவள் போனாள். பிறகு தினமும் மதியம் போனாள். இருவருக்கும் பேச்சு அதிகம் இல்லை. கேள்வி எண், மதிப்பெண், அடுத்த தாள். அந்தப் பழக்கத்தில்தான் தராசு ஒன்றைக் கவனித்தாள். விடை தவறாக இருந்த ஒரு கணக்கை அவள் சட்டென்று சுழித்துப் பூஜ்யம் போடப் போனாள். டீச்சர் இடது கையால் அவள் பேனாவைத் தடுத்தார்.

"அவசரப்படாதீங்க. மேலேர்ந்து படிங்க."

"விடை தப்புங்களே?"

"விடை தப்பு. ஆனா அஞ்சாவது வரி வரைக்கும் சரி. ஆறாவது வரியில கழித்தல் குறி விட்டுப்போச்சு. அஞ்சு வரிக்கு மார்க் போடுங்க. ஆறாவது வரியில ஒரு வட்டம் போடுங்க. வெறும் பூஜ்யத்தைப் பார்த்தா அந்தப் பொண்ணு தனக்குக் கணக்கே வராதுன்னு முடிவு பண்ணிடும். வட்டத்தைப் பார்த்தா, எந்த இடத்துல விட்டோம்னு தேடும்."

தராசு வட்டம் போட்டாள். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அவளுக்குச் சுருட்டையின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த வரிசையில் பத்துப் பேருக்கு நடுவில், வாயாடியான அவள் ஒரு வார்த்தை பேசாமல் நின்ற முகம். அவள் எங்கே தவறினாள் என்று தான் ஒரு நாளும் கேட்கவே இல்லை என்பது தராசுக்கு அப்போதுதான் உறைத்தது.

விசாரித்தபோது, சுருட்டை ஒரு பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கும் வேலையில் இருப்பது தெரிந்தது. தராசு போய் நின்றபோது அவள் முழங்கை வரை நீலமாக இருந்தாள்.

"வாங்கக்கா. எந்த நிறம் வேணும்?"

"நிறம் வாங்க வரலை."

"தெரியும். ஊரே பேசிச்சு." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "உண்மையச் சொல்லட்டுமா? கேட்டவுடனே சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டு நாள் இருந்துச்சு. அப்புறம் இல்லை."

"நான் அன்னைக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"தப்பைச் சொன்னது சரிதான்க்கா. ஒரு உசிரு போயிருக்கும். ஆனா அந்த ரெண்டு அளவையும் ஒரே இழுப்பறையில வெச்சது யாரு தெரியுமா? முதலாளி. நான் மூணு தடவை சொன்னேன், பிரிச்சு வைங்கன்னு. அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீங்க எங்க விட்டீங்க?"

தராசு கடையின் இழுப்பறைகளை நினைத்துப் பார்த்தாள். அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும்கூட அடுத்தடுத்த இழுப்பறைகளில், ஒரே நிறப் பெட்டிகளில்தான் இருந்தன.

"திரும்ப வேலைக்கு வர்றியா? நான் பேசிப் பார்க்கிறேன்."

"வேணாம்க்கா. இங்க தப்பாக் கலந்தா சுவருதான் கெட்டுப் போகும். நிம்மதியாத் தூங்குறேன்." பிறகு என்ன நினைத்தாளோ, ஓரத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டாள். "வந்தது வந்தீங்க. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க."

நான்கு மாதம் கழித்து தராசு கடைக்குத் திரும்பினாள். முதலாளி அவளைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் பாசம் அல்ல. வேறு ஆள் கிடைக்கவில்லை. அவள் இரண்டே இரண்டு நிபந்தனை போட்டாள். ஒன்று, இழுப்பறைகளைத் தான் மாற்றி அடுக்குவாள். இரண்டு, எந்த மருந்தும் இரண்டாவது ஆள் பெயரை வாய்விட்டுப் படிக்காமல் வெளியே போகாது. முதலாளி, "வரிசை வாசலைத் தாண்டும்" என்றார். "தாண்டட்டும்" என்றாள்.

வரிசை தாண்டத்தான் செய்தது. திட்டும் விழுந்தது. அந்த வழக்கம் வேரூன்ற இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு ஒரு நாள், புதிதாகச் சேர்ந்திருந்த பெண்மணி, இரண்டு பிள்ளைகளின் தாய், வெளிறிய முகத்தோடு தராசின் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, சத்தம் போடாதீங்க. இப்போ போன அம்மாவுக்குச் சொட்டு மருந்து மாறிப் போச்சுன்னு நினைக்கிறேன். கண்ணுக்குப் பதிலாக் காதுக்கு உள்ளது. கூட்டத்துல படிச்சுக் காட்டாம விட்டுட்டேன்."

தராசுக்குள் பழைய கத்தல் தொண்டை வரை ஏறியது. அது போய்விட்டதென்று அவள் நினைத்திருந்தாள், போகவில்லை. இரண்டு நொடி கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எந்தப் பக்கம் போனாங்க?" என்று கேட்டாள். இருவரும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தெருவில் ஓடினார்கள். பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மாவைப் பிடித்துவிட்டார்கள். மூச்சிரைக்க மன்னிப்புக் கேட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். திரும்பி நடக்கும்போது புதியவள் அழுதாள். தராசு அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டே நடந்தாள். "நீ உடனே வந்து சொன்ன பாரு, அப்படிச் சொல்ல எனக்கு ஒரு நாள் பிடிச்சது" என்று மட்டும் சொன்னாள். புதியவளுக்கு அது புரியவில்லை.

டீச்சரின் மணிக்கட்டு முழுதாக மடங்குவதில்லை. கரும்பலகையில் அவர் எழுத்து இப்போது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தேர்வுக் காலத்தில் இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து தாள் திருத்துவது இன்னும் நடக்கிறது. மாத்திரையை மட்டும் டீச்சர் வேறு கடையில்தான் வாங்குகிறார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. தராசுக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது நியாயம் என்று அவளுக்குத் தெரியும்.