பதினைந்தும் பதினாறும்

1

இந்தக் கதை ஒரு பென் டிரைவில் காப்பியாகாமல் போன இரண்டு ஃபைல்களிலிருந்து பிறந்தது. கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் மழை, ரயில் பயணம், எங்கோ பார்த்த ஒரு முகம் என்று எதையாவது அளந்துவிடுவார்கள். எனக்கு வாய்த்தது ஒரு கொரிய நாடகத்தின் பதினைந்தாம் எபிசோடும் பதினாறாம் எபிசோடும். இரண்டுமே ஜீரோ கேபி.

என் பெயர் உமா மகேஸ்வரி. பாம்பூஃப்ளாட்டில் வீடு. தினமும் காலையில் படகேறி சாத்தத்தில் இறங்கி, போர்ட் பிளேரில்* ஓர் அரசு அலுவலகத்தில் காகிதம் நகர்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுகிறேன். பதினோரு கதைகள் அச்சாகியிருக்கின்றன. பதினொன்றிலும் கடைசிப் பக்கத்தில் யாராவது யாரையாவது மன்னித்துவிடுவார்கள். அது என் வியாதி.

* அரசாங்கம் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டது. வாய்தான் இன்னும் மாறவில்லை.

2

முதல் தொடக்கம்: "கச்சால் கப்பல் ஜெட்டியை விட்டு விலகியபோது விஜயகுமாரி கையசைக்கவில்லை."

அடித்துவிட்டேன். கையசைத்தாள். சிரித்துக்கொண்டே நன்றாக அசைத்தாள். அவள் அழுதுகொண்டு போயிருந்தால் எனக்கு எழுதச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "கடல் அன்று என்றுமில்லாத"

வேண்டாம். தீவிலிருந்து எழுதினால் கடலைப் போட்டே ஆக வேண்டும் என்று மெயின்லேண்ட் பத்திரிகைகள் எதிர்பார்க்கின்றன. எங்களுக்குக் கடல் என்றால் கப்பல் கேன்சல், தக்காளி வரவில்லை. அவ்வளவுதான்.

மூன்றாம் தொடக்கம், கொரிய நாடகங்களைத் திட்டுவது. இது மட்டும் எனக்குத் தங்குதடையில்லாமல் வருகிறது. எனவே திட்டுகிறேன்.

3

கொரிய நாடகத்தில் ஆண்பிள்ளை தப்புச் செய்தால் பனி பெய்யும். அவன் செய்ய வேண்டியதெல்லாம் அதில் நனைந்துகொண்டு நிற்பது. நின்றால் போதும், பின்னணியில் ஒருத்தி பாட ஆரம்பித்துவிடுவாள், பதினான்கு எபிசோடுக் கணக்கு ஒரே பாட்டில் தீர்ந்துவிடும். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போவான். அதற்குப் பெயர் காதல். எங்கள் அலுவலகத்தில் ஒருவன் அப்படி இழுத்தால் போலீசுக்குப் போன் போடுவேன். முதல் எபிசோடில் மருமகள் முகத்தில் தண்ணீரை வீசும் மாமியார் கடைசி எபிசோடில் அதே கையால் சூப் ஊற்றுவாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் ஓர் இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் பாட்டுக் கேட்பார்கள். அந்தக் காட்சி வந்தாலே எனக்கு எதையாவது எடுத்து டிவியில் எறியத் தோன்றும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜப்பான் நாடகம் வேறு ரகக் கொடுமை. யாரும் மனசில் இருப்பதைச் சொல்லித் தொலைக்க மாட்டார்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன், நடுவில் ரயில். ரயில் போனதும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். (ஜப்பான் என்றாலே இந்தத் தீவில் சில வீடுகளில் வேறு கோபம் உண்டு. போரில் ஜப்பான்காரன் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்து, எண்பது வருஷத்துக் கோபம். என்னுடையது ஆறு வருஷத்துக் கோபம். இரண்டையும் கலக்க எனக்கு உரிமையில்லை.)

இவ்வளவு திட்டுகிறவள் எத்தனை நாடகம் பார்த்திருக்கிறாள் என்று கேட்பீர்கள். எண்பத்துமூன்று. மேலே போகலாமா?

4

விஜயகுமாரி என் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தது 2019 ஜூலையில். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துப் பெண். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து அவள் தாத்தா காலத்தில் கப்பலில் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட குடும்பம். ஒரு பை, ஒரு குடை, தாடையில் அடிபட்டுக் கன்றிய பெரிய கறுப்பு. ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாடையைப் பார்த்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? புருஷன் பெயர் உதயா என்று அவளாகவே சொன்னாள். சாத்தம் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சப்பாத்தி தேய்க்கும் வேலை கிடைத்தது.

கடலடியில் கேபிள் வராத காலம் அது. நெட்டில் ஒரு போட்டோ திறப்பதற்குள் டீ ஆறிவிடும். நாடகமெல்லாம் மெயின்லேண்டிலிருந்து பென் டிரைவில்தான் வரும். சென்னையில் படித்த என் அண்ணன் மகள் ரூபா காப்பி செய்து கொடுத்தனுப்புவாள். கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடும். விஜயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே பின்னறைக் கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக நான் தமிழில் வாசிப்பேன். மாமியாருக்கு ஒரு குரல், புருஷனுக்கு ஒரு குரல். கட்டிலின் வலப்பக்கம் சுவர். அதனால் நான் எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் உட்காருவேன்.

முதலில் சொன்ன அந்தக் கொரிய நாடகத்தில் ஒருத்தி புருஷன் வீட்டைவிட்டு வந்து நூடுல்ஸ் கடை போடுகிறாள். அவன் கைநீட்டுகிறவன். பதினான்காம் எபிசோடு முடியும்போது அவன் கடை வாசலில் நிற்கிறான். வேறென்ன, பனி பெய்கிறது. அவள் உள்ளேயிருந்து பார்க்கிறாள். அடுத்த ஃபைலைத் தட்டினால் திறக்கவில்லை. அதற்கடுத்த கடைசி ஃபைலும் அப்படியே.

5

"போவாளா அக்கா அவ?"

"தெரியலையே விஜயா."

"நீங்க கத எழுதுறவங்கதான? மத்லப், ஒங்களுக்குத் தெரியுமே. இப்பிடி வந்தவளுக திரும்பிப் போவாளுகளா, மாட்டாளுகளா?"

(மத்லப் என்றால் 'அதாவது'. கடையில் ஒட்டிக்கொண்ட இந்தி.) இரண்டு நாள் கடையில் சப்பாத்தியைக் கருக்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் ஆபீஸ் நெட்டில் கதைச்சுருக்கம் படித்துவிட்டதாகச் சொன்னேன். படிக்கவில்லை. அன்றைக்கு ஆபீசிலும் நெட் இல்லை.

"போயிட்டா," என்றேன். "அவன் பனியில முழங்கால் போட்டு அழுதான். இவ கதவத் திறந்தா. வீட்டுக்குப் போனா மாமியாக்காரி கடல்பாசி சூப் வச்சு, தன் கையாலேயே ஊட்டி விடுறா."

கடல்பாசி சூப் என் சொந்தச் சரக்கு. அந்த நுணுக்கத்தை நினைத்து எனக்கு உள்ளூரப் பெருமைகூட.

"பொறகு அந்தாளு அடிக்கலியா?"

"இல்ல. அடிக்கவே இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

(இந்த இடத்தில், நீங்கள் என்னை மன்னிக்கத் தோதாக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: "அவள் நாடகத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்." பொய். எனக்குத் தெரியும். தாடையைப் பார்த்தவள் நான்.)

அடுத்த வாரமே கச்சால் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாள். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்ன முடிவு ஓர் உயிருள்ள மனுஷியிடம் வேலை செய்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. இந்த வரியை எழுத இரண்டு மாதம் ஆயிற்று.

6

இதுவரை உள்ளதை மதுரையிலிருக்கும் பத்திரிகை ஆசிரியர் பக்தவத்சலத்துக்கு அனுப்பினேன். போனில் வந்தார்.

"கேரக்டர் நிக்கலையேம்மா. ஒரு நாடகத்தப் பாத்துட்டு அடிக்கிற புருஷன்கிட்டத் திரும்பிப் போவாளா? வாசகன் நம்ப மாட்டான். புருஷன் கொஞ்சம் திருந்துற மாதிரி வைங்க. இல்லைன்னா சுனாமிய உள்ள கொண்டாங்க. உங்க ஊர்ல அது இருக்கே."

போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் பாத்திரம் தேய்த்தேன். ஒரு தட்டு நெளிந்துவிட்டது.

கேளுங்கள் சார். அவள் நாடகத்தை நம்பிப் போகவில்லை. ஊரிலிருந்து அம்மா அழுகிறாள், அண்ணன் திட்டுகிறான், புருஷன் போனில் கெஞ்சுகிறான். போகலாமா வேண்டாமா என்று ஐந்து மாதம் தவித்தவளுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. ஆங்கிலம் படித்த, அரசாங்க வேலை பார்க்கிற, கதை எழுதுகிற ஒரு சாட்சி. அந்த சாட்சி சத்தியம் பண்ணிப் பொய் சொன்னாள். இந்தக் கதையில் நிற்காத கேரக்டர் அவள் இல்லை. நான்.

7

விஜயா போன அடுத்த ஆண்டு கேபிள் வந்தது. பாராடாங் படகுக்குக் காத்திருக்கிறவன்கூடக் கையில் கொரியாவை வைத்துக்கொண்டு நின்றான். அந்தப் பதினைந்தையும் பதினாறையும் நான் தேடிப் பார்க்கவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

2022 மார்ச்சில் விஜயா திரும்பி வந்தாள். அதே பை. குடை இல்லை. இடது காதில் பஞ்சு. உதயா அறைந்து அறைந்து, இனி அந்தக் காது கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்னறை காலியாகத்தான் இருந்தது. சாவியைக் கொடுத்தேன். என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் சொன்னது பொய் என்றே அவளுக்குத் தெரியாது.

ஜூனில் ஒரு ஞாயிறு காலை போனைப் பிடித்தபடி என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அந்த நாடகம் இப்போது தமிழ் டப்பிங்கில் வந்திருந்தது.

"அக்கா. அவ போகவே இல்லியே."

நான் அடுப்பை அணைத்தேன்.

"அந்தாளு பனியில நிக்கிறான். கடை மூடியாச்சுன்னு சொல்லிட்டு இவ ஷட்டர எறக்கிட்டா. உள்ள ஒக்காந்து நூடுல்ஸ் ஆக்கி, ஊதி ஊதித் தின்னுறா. தனியா. சூப்புமில்ல, மாமியாளுமில்ல. பதினாறாவதுல வேற ஊருல ரெண்டாவது கடையும் போட்டுட்டா."

"அப்ப ஃபைல் வரல விஜயா. ரூபா காப்பி பண்ணதுல..."

"வரலைன்னு சொல்லியிருக்கலாமே! தெரியாதுன்னு சொல்ல ஏலாதா ஒங்களுக்கு? தெரியாதுன்னு ஒரு வார்த்த. அதுக்கு என்னா படிப்பு வேணும்?"

எனக்கு அழுகை வந்தது. அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அழுவாதீங்க. நீங்க அழுதா நாந்தான் சமாதானஞ் சொல்லணும். எனக்கு ஏலாது."

மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. வீட்டைக் காலி செய்யவும் இல்லை. என் பதினோரு கதைகளில் எதிலும் இப்படி ஒருத்தி இல்லை. இருந்திருந்தால் நான் அவளை மூன்றாம் பக்கத்திலேயே மன்னிக்க வைத்திருப்பேன்.

8

போன வெள்ளிக்கிழமை உதயா போன் செய்தான். குடியை விட்டுவிட்டானாம். புதன்கிழமைக் கப்பலில் வருகிறானாம். ஜெட்டியில் நிற்கிறேன், வந்து ஒரு தடவை முகத்தைக் காட்டு, போதும் என்றானாம். இதை விஜயா வாசலில் துணி காயப்போட்டபடி சொன்னாள். போகப்போகிறாளா என்று சொல்லவில்லை.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) விஜயா போலீஸோடு ஜெட்டிக்குப் போகிறாள். (எனக்குப் பிடித்தது. ஆனால் அவளுக்குத் தைரியம் கொடுத்த பெருமையை அதிலும் நானே தட்டிக்கொண்டிருந்தேன்.)

ஆ) உதயா உண்மையாகவே திருந்தியிருக்கிறான். மெலிந்து, கண் கலங்கி, கையில் அவள் விட்டுவிட்டு வந்த குடையோடு... பாருங்கள், பாருங்கள்! என் கை தானாகப் போகிறது. இவ்வளவுக்குப் பிறகும். பேனாவைத் தூக்கி எறிந்தேன்.

இ) காற்று அதிகம். கப்பல் கேன்சல். (கோழை.)

ஒன்பதிலிருந்து பதினான்கு வரையும் எழுதியிருந்தேன். எல்லாம் என் மன்னிப்புக் கடிதங்கள். எடுத்துவிட்டேன்.

15

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுத்தாளர் நைசாக நழுவுவது வழக்கம். உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை. உங்களையும் எனக்குத் தெரியும். அந்தக் குடையைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேர் இளகிவிட்டீர்கள். மீதிப் பேர் அவன் ஜெட்டியில் அடிபட்டுச் சாக வேண்டும் என்கிறீர்கள். இரண்டு கூட்டத்துக்கும் புதன்கிழமை வேறு வேலை இருக்கிறது. நாளைக்கு அவன் கை ஓங்கினால் யாருடைய காது? உங்களுடையதா? என்னுடையதா?

எனக்குத் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. தெரியாது விஜயா. எனக்குத் தெரியாது.

16

இன்று செவ்வாய். நாலரை மணிக்கே வெளிச்சம் குறையத் தொடங்கியபோது இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஜப்பான் நாடகம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள், நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறாள். நாடகமே அவ்வளவுதான். விஜயாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பழக்கதோஷத்தில் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு பக்கம் முடிந்தும் அவளிடம் அசைவில்லை. பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"என்னமோ முணுமுணுக்கிறீங்களே. இந்தப் பக்கம் வாங்க. அந்தப் பக்கம் ஒண்ணுங் கேக்காது."

அடிக்கவே இல்லை, சத்தியமா, என்று நான் சொன்னது அந்தக் காதில்தான். எழுந்து சுற்றிப் போனேன். வலப்பக்கம் உட்கார இடம் இருந்தது. கட்டிலைச் சுவரிலிருந்து எப்போதோ இழுத்துப் போட்டிருக்கிறாள். நான் கவனித்ததே இல்லை.

பதினைந்து வரைக்கும் வாசித்தேன். தட்டு நெளிந்த இடத்தில் மட்டும் அவள் லேசாகச் சிரித்தாள்.

"முடிவு?"

"எழுதல."

"எழுதாதீங்க. நாளைக்கு நா போவேனா மாட்டேனான்னு என்னையும் கேக்காதீங்க."

"கேக்கல."

"வாய்ல வந்திருச்சு ஒங்களுக்கு. பாத்தேன்."

வந்துதான் இருந்தது. விழுங்கினேன். மன்னித்துவிட்டாயா என்ற கேள்வியும் பின்னாலேயே வந்தது. அதையும் விழுங்கினேன்.

அவள் போனை மறுபடி எடுத்தாள். இயர்போனின் ஒரு முனையை வலது காதில் மாட்டினாள். மற்றது மடியில் தொங்கியது. மூன்று வருஷமாக அது அப்படித்தான் தொங்குகிறது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

"இது சும்மாதான கெடக்குது. புடிங்க."

மாட்டிக்கொண்டேன். அந்தப் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தமிழ் டப்பிங்தான். நான் எதையும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை.